வாய்தா பூதலிங்கம்

வக்கீல்கள் நிறையப் பேசுகிறவர்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது சாதாரணப் பிழை அல்ல. படித்தவர், படியாதவர், பெண் கொடுப்பவர், பெண் எடுப்பவர் எல்லாரிடமும் ஒரே சீராகப் பரவியிருக்கிற பிழை. இதைத் திருத்திவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியும். வக்கீல் தொழில் என்பது உட்கார்ந்திருக்கும் தொழில். பேச்சு அதில் எப்போதாவது நேரும் இடைஞ்சல். கறுப்புக் கவுனுக்குள் வெந்துகொண்டு, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் தளர்த்திக்கொண்டு, தன் வழக்கை டவாலி கூப்பிடும்வரை மர நாற்காலியில் அசையாமல் இருக்கத் தெரிந்தவன் எவனோ அவனே நல்ல வக்கீல் என்று சட்டப் புத்தகங்கள் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இந்த அளவுகோலால் அளந்தால், கரிசல் பூமியிலிருந்த அந்தத் தாலுகா ஊரின் முன்சீப் கோர்ட்டில் பூதலிங்கத்துக்கு நிகரான வக்கீல் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலான தொழிலில் அவர் எழுந்து நின்று பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரே வாக்கியம்தான் தேறும். "ஐயா, இந்த ஒரு வாய்தா மட்டும் தயவு பண்ணணும்." அதை அவர் சொல்கிற விதம் தனி. முதுகு கொஞ்சம் வளையும், 'ஒரு' என்ற இடத்தில் குரல் லேசாகத் தேயும், பாவம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நீதிபதிக்கே தோன்றும். தேதி தள்ளிப்போகும். எதிர்க்கட்சிக்காரன் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தது வீணாகும். சில வருஷம் இப்படி வந்து போனால் யாருக்குமே சமாதானம் பேசத் தோன்றிவிடும். பூதலிங்கம் ஜெயித்த வழக்குகள் எல்லாம் அப்படி ஜெயித்தவை. ஊரில் அவரை வாய்தா பூதலிங்கம் என்பார்கள். வஞ்சமாக அல்ல, ஹோமியோபதி பார்க்கிற பூதலிங்கம் ஒருவரும் ஊரில் இருந்தார், அடையாளம் வேண்டியிருந்தது.

ஆனால் இன்றைக்கு அந்த வாக்கியம் எடுபடாது. போன தடவையே நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொல்லியிருந்தார், மிஸ்டர் பூதலிங்கம், இதுதான் கடைசி, அடுத்த தேதியில குறுக்கு விசாரணை பண்ணலன்னா, பண்ணலன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன். நீதிபதிக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திட்டுகிற நீதிபதிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பூதலிங்கத்தின் அனுபவம். போட்டபடி திட்டுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். இப்போது கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் தட்டி, அந்தத் தட்டலுக்காகவே அடுத்த சுற்றைச் சுற்றியது. அதைக் கேட்காமலிருப்பதற்காக அவர் திரும்பிப் பார்த்தார், பார்த்திருக்க வேண்டாம். கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் இருந்தாள், அவருடைய கட்சிக்காரி, ஊதாச் சேலை, மடியில் மஞ்சள் பை. பைக்குள் தூக்குவாளியில் பருத்திப்பால் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவருவாள், வாய்தா கிடைத்ததும் வேப்பமரத்தடியில் ஊற்றிக் கொடுப்பாள், சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும்போது அவருக்கு எதையோ செய்து முடித்துவிட்ட நிம்மதி வரும். சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டு முக்கில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறவள் அவள். வண்டி நிற்பது வீட்டுக் கொல்லையில். கொல்லையிலிருந்து அது தெருவுக்கு வர ஒரே வழி, பக்கத்துச் சந்தில் திறக்கிற கதவு. முன்வாசலில் படியும் தூணுமாக சைக்கிளைக்கூடச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தளவாய் வழக்குப் போட்டிருந்தார். சந்து முழுக்க என்னுடையது, அங்கே கதவே கிடையாது, இவள் வண்டி போட ஆரம்பித்த பிறகு சுவரை இடித்து வைத்த புதுக் கதவு அது, அடைக்க உத்தரவிட வேண்டும். "எங்க மாமனார் காலத்துக் கதவு சார் அது" என்று இசக்கியம்மாள் சொல்வாள். அவள் பூதலிங்கத்திடம் சொல்வதற்கும் கோர்ட்டில் நிரூபணமாவதற்கும் நடுவே ஒரு கடல் கிடந்தது. தளவாய் கூண்டில் ஏறித் தன் பங்கைச் சொல்லியாகிவிட்டது. இன்று அவரை மடக்கிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் சொன்னது நிற்கும், கதவு அடைபடும், வண்டி கொல்லையிலேயே நின்று துருப்பிடிக்கும். பூதலிங்கத்துக்கு இது சட்டமாகத் தோன்றவில்லை. தொண்டையில் சுக்கு வாசனையாகத் தோன்றியது.

நின்று பேசிக்கொண்டிருந்தவள் வக்கீல் ஜெசிந்தா. வேறு வழக்கு, பம்புசெட் தகராறு. "நீங்க அன்னைக்குத் தோட்டத்துக்கு நடந்து போனீங்களா, வண்டியிலயா?" என்று சாட்சியிடம் சொந்தக்காரர் வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டாள். நடந்துதாம்மா என்றார் சாட்சி. நீதிபதி அதைத் திருப்பிச் சொல்ல டைப்பிஸ்ட் தட்ட ஆரம்பித்தாள், தட்டல் முடியும்வரை கோர்ட்டில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது. பூதலிங்கத்துக்கு உலகத்தில் அதைவிடப் பயமான பொருள் கிடையாது. அந்த மௌனத்தில் மற்ற வக்கீல்கள் காகிதத்தைப் புரட்டுவார்கள், கவுனை இழுத்து விடுவார்கள், அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது என்று முகத்தால் விளம்பரம் செய்வார்கள். ஜெசிந்தா ஒன்றும் செய்யவில்லை. வரவேண்டிய பஸ் வரும் என்று தெரிந்தவள் மாதிரி நின்றாள். இவளுக்கு இது எங்கிருந்து வந்தது, நம்மிடமிருந்து வரவில்லை, அது நிச்சயம். பூதலிங்கத்தின் சீனியர் கோமதிநாயகத்தின் ஆபீசில் அவள் ஜூனியராகச் சேர்ந்த அன்று, கோமதிநாயகம் வெற்றிலையை மென்றுகொண்டே "ஏ பூதம், இந்தப் பிள்ளைக்குத் தொழில் சொல்லிக் குடு" என்றார். பூதலிங்கம் அப்போது அந்த ஆபீசின் மூத்த ஜூனியர். அன்று மத்தியானம் முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார், எப்படி எழுந்திருப்பது, முதுகு எவ்வளவு வளைய வேண்டும், அதிகம் வளைந்தால் நடிப்பு, குறைந்தால் திமிர், 'ஒரு' என்ற இடத்தில் குரலை எப்படி விட்டுப் பிடிப்பது. அவள் சுவரைப் பார்த்து ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, "அடுத்தது என்ன அண்ணாச்சி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், கிண்டல் இல்லை, நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். அடுத்தது. அவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனார். வந்து பார்த்தபோது அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். சில மாதத்தில் மதுரைக்குப் போய் வேறொரு சீனியரிடம் சேர்ந்தாள், வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தாள், மருந்துக் கடை மாடியில் தனியாக ஆபீஸ் போட்டாள். இப்போது ஆயிரம் பேர் நடுவில் யாராவது அடுத்தது என்ன என்று சொன்னாலும், சோற்றுப் பந்தியில் இலைக்கு இலை நகர்கிறவன் சொன்னாலும், பூதலிங்கத்தின் கை தானாக டீக் கிளாஸைத் தேடும்.

டீ என்றதும் செய்யது பாய் நினைவு வருவதைத் தடுக்க முடியாது. கோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே கடை. யார் சீனியர், யார் ஜூனியர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இருப்பதாகச் சொல்வார்கள், அதுவும் பிழைதான், அந்த ஊரில் அந்த அதிகாரம் செய்யது பாய்க்கு இருந்தது. சீனியருக்கு டீ சாசரில் வைத்து வரும். ஜூனியருக்கு வெறும் கிளாஸ். வயதோ படிப்போ வழுக்கையோ கணக்கில்லை. யாருடைய கேஸ் கட்டை யார் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று மட்டும் பாய் பாய்லருக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். கட்டு யார் கையிலோ அவர் ஜூனியர். அதற்கு மேல்முறையீடு இல்லை. கோமதிநாயகத்தின் கட்டுகளைப் பூதலிங்கம் பதினொரு வருஷம் சுமந்தார். கோமதிநாயகம் காலமாகி பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து கோர்ட்டுக்கு வந்த காலையில் அவருக்கு முதல் முறையாகச் சாசர் வந்தது. அவர் துக்கத்தில் இருந்தார், உண்மையாகவே இருந்தார், இருந்தும் சாசரைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் ஏறியதை அவர் மறைக்கவில்லை, மறைக்க அங்கே யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சாசரில் வழிந்த டீயை எடுத்து உறிஞ்சுவது மரியாதையா இல்லையா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தார். இன்றுவரை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பூதலிங்கத்தின் முதுகுத் தண்டு நிமிர்ந்தது. இருமலுக்கு அவர் பயப்படுவார் என்று வீட்டில் மனைவி வடிவுக்குக்கூடத் தெரியாது. சளிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக் கஷாயம் வைத்துத் தருவாள். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். கோமதிநாயகத்துக்கு மூல உபத்திரவம், திடீரென்று நீ பாத்துக்கோ என்று அனுப்பிவிட்டார். ஆட்டுக்கிடை வழக்கு. இருட்டில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது இன்னார்தான் என்று சாட்சி சொல்லியிருந்தான். நல்ல இருட்டு, அமாவாசை, அதையெல்லாம் பூதலிங்கம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிட்டார், நிலா இல்லை, விளக்கு இல்லை, முகம் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று இந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, அங்கேதான், முகம் தெரியவில்லை என்ற இடத்தில்தான், வேட்டியை ஒதுக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் வெற்றி என்பது உடம்பை முன்னால் தள்ளுகிற பொருள். "அப்படியென்றால் இன்னார்தான் என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார், குரலை உயர்த்தி, கையை வேறு விரித்து. "எம் மச்சினன் இருமல் எனக்குத் தெரியாதா?" என்றான் சாட்சி. அந்த நேரம் பார்த்துப் பின்பெஞ்சில் இருந்த அவருடைய கட்சிக்காரன் இருமினான். நீளமாக, மூன்று அடுக்காக, கடைசியில் ஒரு விசிலோடு. டவாலி சிரித்தான், டைப்பிஸ்ட் சிரித்தாள், சிரிக்கக் கூடாத நீதிபதி மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு பூதலிங்கம் கேள்வி கேட்பதை விட்டார். கேள்வி என்பது திரும்பி வரும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. வாய்தா திரும்பி வராது. அது போகும், போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கம் எவ்வளவு முற்றியதென்றால், ஒரு தடவை எதிர்க்கட்சி மனுவைத் தள்ளுபடி செய்ய நீதிபதி வாயெடுத்த சமயத்தில் இவர் பாட்டுக்கு எழுந்து வாய்தா கேட்டார். நீதிபதி இவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, உங்க இஷ்டம் என்று கொடுத்தார். ஜெயித்துவிட்ட வழக்கை இன்னும் ஒன்றரை வருஷம் நடத்தினார்.

"தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்களேன், வாயி வாய்தாவுக்கு மட்டுமா இருக்கு?" என்று வடிவு காலையில் கழுத்துப் பட்டையை இஸ்திரி போட்டபடி சொன்னாள். தெரிஞ்சவங்க யாரு என்று இவர் கேட்டார், அவளுக்குப் பெயர் தெரியாது என்ற தைரியத்தில். "அன்னைக்கு மாமா துட்டி வீட்டுல பாத்தமே, குட்டை முடி, அந்தப் பிள்ள. அவ பேசும்போது நீங்க வாயப் பொளந்துக்கிட்டு நின்னீங்க." பொளந்துகொண்டு நின்றாராம். இருக்கலாம். வடிவு சொல்வதைப் போல அது அவ்வளவு சுலபமா, போய்க் கேட்பது. நம் ஊரில் பெண் கேட்க முறை இருக்கிறது, வாடகைக்கு வீடு கேட்க முறை இருக்கிறது, செத்த வீட்டில் துட்டி கேட்கக்கூட முறை இருக்கிறது, எந்தக் கிழமையில் போவது, முதலில் யார் வாயெடுப்பது என்று. ஐம்பதை நெருங்குகிறவன் தன்னைவிடப் பதினொரு வயது இளையவளிடம் போய்ச் சொல்லிக்கொடு என்று கேட்பதற்கு முறை வகுத்தவர் யார். மாணாக்கன் எப்படி இருக்க வேண்டும் என்று பழையவர்கள் விரிவாக எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், எந்த வயது வரைக்கும் என்று மட்டும் எழுத விட்டுப்போயிற்று, அல்லது எழுத ஒன்றுமில்லை என்று விட்டார்களோ. எழுதாமல் விட்டதைத் தடை என்று எடுத்துக்கொள்வதா, அனுமதி என்று எடுத்துக்கொள்வதா. சட்டத்தில் இதற்குப் பதில் உண்டு. தடுக்காதது எல்லாம் ஆகும். அப்படியே இருக்கட்டும், என்னவென்று கூப்பிடுவது. ஏம்மா ஜெசி என்று பழக்கம். ஏம்மா ஜெசி, என்னை ஜூனியராகச் சேர்த்துக்கொள் என்றால் அது கட்டளை மாதிரி இருக்கிறது. மேடம் என்றால் நாக்கு கோணும். பார் அசோசியேஷன் கேரம் போர்டு மேஜையில் இது எப்படிப் பேசப்படும் என்று அவருக்குக் காதிலேயே கேட்டது, வாய்தா அண்ணாச்சி புது ஆபீஸ் சேந்துட்டாராமே, வயசு வந்துட்டுல்லா, எல்.கே.ஜி. எப்ப. சிரிப்பார்கள். சிரித்தால் என்ன, ஒரு தடவை சிரித்தாகிவிட்டதே, இருபது வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வரியைக் கட்டியாகிவிட்டதே. ஆனால் அன்றைய சிரிப்பு ஒரு மத்தியானத்துக்கு. இது தினசரி வரும். கவுனுக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. ஃபேன் தட்டியது. இன்னும் எத்தனை வருஷம் இந்த நாற்காலி, பத்து, பதினைந்து, அத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிவிட்டுச் செத்துப்போனால் படத்தைத் திறந்து வைத்துப் பேசுகிறவர் என்ன பேசுவார், நாளைத் தள்ளி வைப்பதில் வல்லவர், தன் முடிவையும் தள்ளி வைக்க முயன்றார் என்றா. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் பயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள். பூதலிங்கம் திடுக்கிட்டார். என்ன ஆயிற்று, இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்ததே, நடந்துதான் போனேன், மழை பெய்துகொண்டிருந்தது, குடை இல்லை, சேறு, இவ்வளவும் வந்தாகிவிட்டதே, அப்படியென்றால் சட்டை நனையவே இல்லை என்று முதலில் ஏன் சொன்னீங்க என்று கேட்டு மூக்கை உடைக்க வேண்டியதுதானே. கேட்கவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அப்படியே கோர்ட்டின் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், நீதிபதி அதைத் தானாகவே எடுத்து, தனக்குள் கேட்டு, தானே சிரித்துக்கொண்டு எதையோ குறித்தார். பூதலிங்கத்துக்கு ஆட்டுக்கிடை நினைவு வந்தது. அமாவாசை நினைவு வந்தது. அடடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலி வக்கீல் என்னண்ணே என்றார். ஒன்றுமில்லை என்றார் இவர். அப்போது டவாலி தளவாய், இசக்கியம்மாள் என்று கூப்பிட்டான். கால்கள் தானாக எழுந்தன, முதுகு தானாக வளைந்தது, வாய்க்குள் அந்த வாக்கியம் செருப்பு மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. நீதிபதியின் கை கண்ணாடிப் பக்கம் போனது. "ஐயா, பாஸ் ஓவர் மட்டும் பண்ணணும். இன்னைக்கே. கடைசியாக் கூப்பிட்டாப் போதும்" என்றார் பூதலிங்கம். பாஸ் ஓவர் என்பது அன்றைய பட்டியலிலேயே கடைசிக்குத் தள்ளிக்கொள்வது. வாய்தாக்களில் மிகச் சிறியது, அவர் வாழ்நாளில் கேட்டவற்றில் ஆகக் குட்டி. கண்ணாடி இறங்கவில்லை. "இன்னைக்கே" என்றார் நீதிபதி.

வராந்தாவில் ஜெசிந்தா தூணோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பூதலிங்கம் அவளைத் தாண்டிப் போனார், நோட்டீஸ் போர்டில் போன வருஷத்து அறிவிப்பு ஒன்றை முழுக்கப் படித்தார், திரும்பி வந்தார்.

"ஏம்மா ஜெசி" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "மேடம்" என்றார்.

அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "யாரக் கூப்புடுதீங்க அண்ணாச்சி?"

"உங்களத்தான்."

"எனக்குப் போயி 'உங்கள'யா? என்ன, காலையிலேயே வெயில் ஏறிட்டா?"

"என்னைய ஜூனியராச் சேத்துக்கிடுதீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாள். பூதலிங்கம் இருமல் முடியும்வரை நின்றார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

"பார்ல யாரும் பந்தயம் கட்டி விட்டுருக்காங்களா?"

"இல்ல."

"எனக்கு மொதல்ல தொழில் சொல்லிக் குடுத்ததே நீங்கதான அண்ணாச்சி?"

"வாய்தா கேக்கச் சொல்லிக் குடுத்தேன். அடுத்தது என்னன்னு கேட்டீங்க. டீ குடிக்கப் போயிட்டேன்." அவர் தூணைப் பார்த்துச் சொன்னார். "அடுத்தது எனக்கு இப்பவும் தெரியாது."

ஜெசிந்தா பாட்டிலை மூட மறந்து நின்றாள். வேப்பமரத்திலிருந்து காக்கை ஒன்று இறங்கி, யாரோ தின்று போட்ட வடைத் துண்டைச் சட்டபூர்வமாகக் கைப்பற்றியது.

"இசக்கியம்மா கேஸுதான? கேள்வி எழுதித் தான்னு கேட்டா தர மாட்டேன்."

"கேக்கல."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா உங்ககிட்டப் பேசும்போது, எந்த எடத்துல 'சரி சரி, விஷயத்துக்கு வாங்க'ன்னு சொல்லுவீங்க?"

பூதலிங்கத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தளவாய் மக கல்யாணம். அத எடுத்தா நிறுத்த மாட்டா. இருபது வருஷத்துக்கு முன்னால நடந்தது. அப்ப ரெண்டு வீடும் ஒண்ணு மண்ணா இருந்தாங்களாம். இவ கொல்லையிலதான் அடுப்பு வெட்டிச் சமையலாம். அவியல் எப்படி, பாயாசம் எப்படி, அண்டாவ நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்து..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"எந்த வழியா?" என்றாள் ஜெசிந்தா.

அவருக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாகக் கேட்ட கதையில் அண்டா எந்த வழியாக வந்தது என்ற இடம் வரும் முன்பே அவர் ஒவ்வொரு முறையும் விஷயத்துக்கு வந்திருக்கிறார்.

"என்னைய ஏன் பாக்கீங்க? அந்தா இருக்காங்க, போய்க் கேளுங்க. அப்புறம் அண்ணாச்சி, பதில் வந்ததும் உக்காந்துரணும். அதுக்கு மேல ஒரு கேள்வி தோணும். ரொம்ப நல்ல கேள்வியாத் தோணும். அதக் கேக்கப்படாது."

கடைசி பெஞ்சுக்குப் போய், இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பூதலிங்கம் தன் கட்சிக்காரியிடம் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சார் புதுசாக் கேக்கீங்க, நூறு மட்டம் சொல்லியிருப்பேன்லா? அம்மாம் பெரிய அண்டா முன்வாசல்ல நுழையுமா? சந்துக் கதவு வழியாத்தான். நெலையில இடிச்ச தழும்பு இன்னும் கெடக்கு, எங்க மாமனாரு அன்னைக்கு ஆடுன ஆட்டம்..." மாமனார் ஆடிய ஆட்டத்தையும் பூதலிங்கம் முழுக்கக் கேட்டார்.

கடைசி வழக்காகக் கூப்பிட்டபோது கோர்ட்டில் பாதி நாற்காலி காலி. தளவாய் கூண்டில் ஏறினார், வெள்ளை மீசை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. ஜெசிந்தா போகாமல் ஓரமாக உட்கார்ந்து தன் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், அல்லது கட்டுகிற மாதிரி இருந்தாள். உங்க மக கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் சாப்பிட்டாங்க என்று பூதலிங்கம் கேட்டார், குரல் தன்னுடையதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. தளவாய் எதிர்பார்க்கவில்லை, ஆனால் முகம் விரிந்தது. "ஊரே சாப்பிட்டுது." எதிர்க்கட்சி வக்கீல் பாதி எழுந்து, சம்பந்தமில்லாத கேள்வி என்றார். சொல்லட்டும் என்றார் நீதிபதி. தட்டல், மௌனம். பூதலிங்கம் மௌனத்துக்குள் நின்றார், காகிதத்தைத் தொடவில்லை, தொட்டால் கை நடுங்குவது தெரியும், அதனால்தான் அவளும் தொடுவதில்லையோ, அப்படியும் இருக்குமோ, இந்த நினைப்பு அவருக்கு வினோதமான ஆறுதலாக இருந்தது. சமையல் எங்கே நடந்தது. "இவங்க கொல்லையிலதான்" என்றார் தளவாய், பின்பெஞ்சைப் பார்க்காமல். "அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தோம்." எத்தனை வருஷம் இருக்கும். "இருவது வருஷம். இப்ப பேத்தியே காலேஜ் போறா." தட்டல், மௌனம், ஃபேன். பூதலிங்கம் முதுகை வளைக்காமல் வாயைத் திறந்தார், திறந்ததும் இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது: "ஐயா, இந்த ஒரு..."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"...கேள்வி மட்டும்" என்றார் பூதலிங்கம். "அவ்வளவு பெரிய அண்டா கொல்லைக்குள்ள எந்த வழியாப் போச்சு?"

"சந்துக் கதவு வழியாத்தான். நானே ஒரு பக்கம் புடிச்சேன். வேற எப்படி..." என்ற தளவாய் அங்கேயே நின்றுவிட்டார். டைப்பிஸ்ட் தட்டினாள். அந்தத் தட்டல் போய்க்கொண்டே இருக்கும்போது பூதலிங்கத்துக்குள் அது எழுந்து வந்தது, மிக நல்ல கேள்வி, அப்படியானால் புதுக் கதவு என்று சொன்னது பொய்தானே, கையை விரித்துக் கேட்கலாம், குரலை உயர்த்தலாம், அந்தக் கேள்வி தொண்டைக்கு வந்து, நாக்குக்கு வந்து, பல்லுக்குப் பின்னால் நின்று கதவைத் தட்டியது. எங்கோ யாரோ இருமினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. "வேற கேள்வி?" என்றார் நீதிபதி. "இல்லைங்க ஐயா." நீதிபதி கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் இசக்கியம்மாள் தூக்குவாளியைத் திறக்கவில்லை. "ஜெயிச்சாச்சா சார்?"

"தெரியாது. தீர்ப்புக்கு நாள் இருக்கு."

"அப்ப வாய்தா கெடைச்சுதா?"

"இல்ல."

ரெண்டும் இல்லாத நாளில் என்ன செய்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. பிறகு மூடியைத் திறந்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

ஜெசிந்தா கட்டுகளை மார்போடு அணைத்தபடி படியிறங்கி வந்தாள். ஒன்று வழுக்கியது. பூதலிங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எதிரே போய் நின்றார். "குடுங்க" என்றார். வேண்டாம் அண்ணாச்சி, எல்லாரும் பாக்காங்க என்றாள் அவள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், கேரம் போர்டு ஜன்னலில் ரெண்டு தலை தெரிந்தது. அவர் கையை நீட்டியபடியே நின்றார். அவள் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பம்புசெட் கட்டு கனமாக இருந்தது. கோமதிநாயகத்தின் கட்டுகளைத் தாங்கிய அதே இடத்தில், இடது முழங்கை மடிப்பில், அது போய் உட்கார்ந்துகொண்டது.

"அந்தக் கேள்வி தோணிச்சா?" என்று நடந்துகொண்டே கேட்டாள்.

"தோணிச்சு."

"எனக்கும் தெனமும் தோணும்" என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு டீ, பாய்."

செய்யது பாய் பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். டீ வந்தது. ஜெசிந்தாவுக்குச் சாசரோடு வந்தது. பூதலிங்கத்துக்கு வெறும் கிளாஸ்.